லம்பக்குட்டைக் கோரை

நாங்கள் துணி வெளுத்த குட்டை, ஈயம் தோண்டியவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு பள்ளம். ஈப்போவைச் சுற்றி அந்தக் காலத்தில் அப்படிப் பள்ளங்கள் எத்தனையோ கிடந்தன. ஈயம் தோண்டும் இடத்தை எங்கள் சனங்கள் லம்பம் என்பார்கள். ஒரு லம்பத்தில் ஈயம் தீர்ந்துவிட்டால் முதலாளி ஆட்களையும் இயந்திரங்களையும் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். பள்ளத்தில் மழைத்தண்ணீர் சேரும். சுற்றிலும் கழுவிக் கொட்டிய வெள்ளை மணல் மேடு மேடாக நிற்கும். நண்பகலில் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க முடியாது, கண் கூசும்.

நான் பிறந்தது தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அன்றைக்கு அந்த ஊருக்கு வேறு பெயர். என் அப்பா தோட்டத்து டோபி. லயத்துச் சனங்களின் துணியும் துரை பங்களாத் துணியும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தேன். பத்தொன்பது வயதில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் சலவைத் தொழில் செய்துகொண்டிருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது.

ஈப்போவுக்கு வந்ததும் என்னைத் திகைக்க வைத்தது ஆறுதான். எங்கள் தோட்டத்துப் பக்கம் ஆறு கறுப்பாக ஓடும். ஆனால் அள்ளிப் பார்த்தால் உள்ளங்கை தெரியும். இங்கே லம்பங்களின் சேறெல்லாம் ஆற்றில் கலந்து, பால் அதிகமாக ஊற்றிய தேநீரைப் போல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளைத் துணியை முக்கினால் அது வெள்ளைத் துணியாகத் திரும்பாது. அதனால் ஈப்போ டோபிகள் எல்லாரும் நல்ல குட்டைக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். என் கணவர், கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், புந்தோங்கைத் தாண்டி அரை மைல் நடந்து இந்தக் குட்டையைக் கண்டுபிடித்து, ரெண்டு ஆள் உதவியோடு ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தார்.

குட்டையின் வடக்கே மணல்மேடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு வாய்க்கால் வந்து விழும். அது விழுகிற இடத்தில் கோரையும் சம்பும் ஆள் மார்பளவுக்கு அடர்ந்து கிடந்தன. அந்தப் பச்சைக்குள் எப்போதும் ஏதாவது ஒரு சத்தம். காலையில் நீர்க்கோழிகள் குவாக் குவாக் என்று கத்தும். வெயில் ஏறியதும் தும்பிகள் வந்துவிடும், செங்கல் நிறத்தில் சில, நீலத்தில் சில. துவைத்துக்கொண்டே நான் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் அப்படியே கண்ணாடி. இடுப்பளவு ஆழத்தில் நின்றால் கால் நகத்தில் பூசிய மருதாணி தெரியும்.

அந்தத் தண்ணீரால்தான் எங்களுக்கு துரைமார் கிளப்பின் வேலை கிடைத்தது. மேசை விரிப்பு, கைத்துண்டு, வெள்ளை டிரில் கால்சட்டை என்று வாரம் ரெண்டு மூட்டை வரும். அங்கே பட்லராக இருந்தவர் எங்கள் ஆள்தான், தஞ்சாவூர்க்காரர். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கி வைப்பார். முதல் மூட்டையைப் பார்த்துவிட்டு, "எந்தத் துறைய்யா உனக்கு?" என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் இடத்தைச் சொல்லவில்லை. வேறு டோபி வந்துவிடுவான் என்று பயம்.

வேலை கூடியதும் ஒரு கல் போதவில்லை. வாய்க்கால் வந்து விழுகிற இடம் அலசுவதற்கு நல்ல இடம் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. ஓடுகிற தண்ணீரில் துணியை விட்டால் சவக்காரம் தானாகப் போய்விடும், கை வலி குறையும். ஆனால் அங்கே கோரை மண்டிக் கிடந்தது.

"வெட்டிடலாம்," என்றார். "இத வெட்டுனா பாம்பு பயமும் போயிடும். இந்தப் பறவைங்க சனியனும் தொலையும். போன வாரம் ஒரு விரிப்பு பூரா எச்சம். மறுபடியும் வெள்ளாவி வச்சது நீதானே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பழம் தின்ற பறவையின் எச்சம் ஊதாக் கறையாக இறங்கிவிடும். டோபிக்குப் பறவையைப் பிடிக்காமல் போவதற்கு நியாயம் உண்டு. நானும் சரி என்றேன். மழை குறைந்த மாதம் பார்த்து அவரும் நானும் வெட்டத் தொடங்கினோம். அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதனால் வெட்டுவது அவர், இழுத்துக் கரையில் போடுவது நான்.

மூன்றாம் நாள், மேற்கு மூலையில் கோரையை விலக்கியபோது ஒரு கூடு இருந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கோரைத் தண்டுகளை வளைத்து மடித்து ஒரு மணை போல் செய்து, அதில் ஆறு முட்டைகள். பழுப்பில் செம்புள்ளி. பத்தடி தள்ளி அந்தப் பறவை நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் நீலம், அலகும் நெற்றியும் மிளகாய்ச் சிவப்பு, விரல்கள் எல்லாம் நீளம் நீளமாக. எங்களுக்கு அதன் பெயர் தெரியாது. நீலக்கோழி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அது கோரையைத் தின்னும்போது ஒரு தண்டைப் பிடுங்கி, மனிதர் கரும்பைப் பிடிப்பது போலக் காலால் பிடித்துக்கொண்டு கடிக்கும். அதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

"ஏங்க, இத மட்டும் விட்டுடுங்க," என்றேன்.

"ஒரு மூலையில புதர் இருந்தா பாம்பு அங்கதான் வந்து படுக்கும்."

"வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வீட்டுல யாராவது கூட்டக் கலைப்பாங்களா?"

அவர் கத்தியைக் கரையில் போட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். ரெண்டு கட்டில் அகலத்துக்கு அந்த மூலை தப்பியது. மற்றதெல்லாம் வேரோடு போயிற்று. புதுக் கல் போட்டோம். வாய்க்கால் தண்ணீர் நேராகக் கல்லின் மேல் வந்து விழுந்தது. இவருக்கு ஒரே சந்தோஷம்.

வாய்க்காலின் மேற்பகுதியில் ஒரு சீனப் பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தலையில் சிவப்புத் துணி, அதன் மேல் ஓலைத் தொப்பி. முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, டூலாங் என்கிற அகன்ற மரத்தட்டில் மணலை அள்ளிச் சுழற்றுவாள். மணல் வழிந்து போகும். கறுப்பாக ஈயம் மட்டும் தட்டின் நடுவில் தங்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. சந்தை மலாயில் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். டூலாங் அக்கா என்று அவளைக் கூப்பிடுவேன். அவள் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

அக்டோபர் மழை வந்தது. முதல் பெரிய மழைக்கு மறுநாள் குட்டை கலங்கிக் கிடந்தது. ரெண்டு நாளில் தெளிந்துவிடும் என்று காத்திருந்தோம். தெளிவதற்குள் அடுத்த மழை. அப்புறம் தெளியவே இல்லை. துவைத்த விரிப்பெல்லாம் லேசான மஞ்சள் பூத்தது. சவக்காரத்தைக் கூட்டினோம். நீலத்தைக் கூட்டினோம். நீலம் கூடியதும் மஞ்சளோடு சேர்ந்து ஒரு சாம்பல் நிறம் வந்தது. அது அதைவிட மோசம்.

பட்லர் ஒரு விரிப்பை ஜன்னலில் தூக்கிப் பிடித்துவிட்டு இவரிடமே திருப்பிக் கொடுத்தாராம்.

"என்னய்யா இது? மேசை விரிப்பா, தேத்தண்ணி வடிகட்டுன துணியா?"

"மழைங்க ஐயா. தண்ணி கொஞ்சம் கலங்கல்."

"போன வருஷமும் மழ பெஞ்சுச்சே. அப்ப மட்டும் எப்படி?"

இவர் வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் யோசித்து, கடைசியில் பழியை அந்தச் சீனப் பெண் மேல் போட்டோம். மேலே மணலைக் கலக்குகிறவள் அவள்தானே.

அடுத்த நாள் காலை நான் வாய்க்காலோரமாக ஏறிப் போனேன். எட்டு மாத வயிறு, மூச்சு வாங்கியது. அவள் வழக்கமான இடத்தில் குனிந்து நின்றாள்.

"நீ கலக்குறதால எங்க தண்ணி அழுக்காப் போச்சு. வேற இடம் பாத்துக்க," என்றேன்.

அவள் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் ரெண்டு வருஷமா இங்கதான் கழுவுறேன். அப்ப உன் தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு."

அது சரியான பதில். அது சரியான பதில் என்பது அந்த நிமிஷமே எனக்கும் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே கோபம் தலைக்கு ஏறியது. அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி வீசினேன். அது தண்ணீரில் விழுந்து, வாய்க்காலோடு மிதந்து குட்டைக்குப் போயிற்று. காலையிலிருந்து சேர்த்த ஈயமெல்லாம் கொட்டிப்போயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நடந்து, தட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மணல்மேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

தண்ணீர் தெளியவில்லை. கிளப்பு வேலை வேறு டோபிக்குப் போயிற்று. ரயில்வே ஆட்களின் காக்கித் துணியைத் துவைத்துக் காலத்தை ஓட்டினோம். காக்கிக்குக் கலங்கல் தெரியாது. நவம்பர் கடைசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் கஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் படுத்திருந்த நாளெல்லாம் அந்தத் தட்டு மிதந்து போனது கண்ணுக்குள்ளேயே இருந்தது. இவரிடம் சொன்னேன். "நான் சொல்லித்தானே நீ போன," என்று தன் மேல் ஏற்றிக்கொண்டார். அவர் சொல்லிப் போகவில்லை, நானாகத்தான் போனேன்.

ஜனவரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் துறைக்குப் போகத் தொடங்கினேன். முந்தின நாள்தான் ஒரு மழை பெய்திருந்தது. குட்டை முழுக்கத் தேநீர். குழந்தை துணியை நனைத்துவிட்டாள். இவர் கல்லில் காக்கி அடித்துக்கொண்டிருந்ததால் நான் மேற்கு மூலைக்குப் போனேன். நாங்கள் விட்டுவைத்த கோரைத் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் கால் விரல் ஐந்தும் தெரிந்தது.

துணியை அலச மறந்து கோரைக்குள் குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கத்துத் தண்டுகளில், தண்ணீருக்குக் கீழே, சேறு அப்பியிருந்தது. உள்ளே வர வர அப்பியிருந்த சேறு குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரிசைத் தண்டு சுத்தமாகப் பச்சையாக இருந்தது. ஒரு தண்டை மெல்ல ஆட்டினேன். சேறு புகை மாதிரி எழுந்து கொஞ்ச தூரம் போய் அடுத்த தண்டில் உட்கார்ந்தது. கோரை வேருக்கு நடுவில் விரல் நீளச் செப்பாட் மீன்கள் நின்றுகொண்டிருந்தன. அவை அசையவே இல்லை.

இவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

"இங்க ஆழம் கம்மி, அதான் தெளிஞ்சிருக்கு."

"கல்லுப் பக்கமும்தான் முழங்காலு. அங்க தெளியலயே."

அவர் காக்கித் துணிக்கே திரும்பிப் போய்விட்டார். நான் ஒரே துணியிலிருந்து கிழித்த ரெண்டு துண்டை எடுத்து, ஒன்றைக் கல்லுப் பக்கம் அலசினேன், ஒன்றைக் கோரைக்குப் பின்னால் அலசினேன். கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். காய்ந்ததும் அவர் கையில் கொடுத்தேன். எதை எங்கே அலசினேன் என்று நான் சொல்லவில்லை. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கல்லின் மேல் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டார்.

"நாமதான் கெடுத்தமா?"

"ஆமாங்க."

"அந்தச் சீனத்தி பாவம்லா," என்றார்.

அவளைத் தேடிக்கொண்டு போனேன். டூலாங் கழுவுகிற பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று சந்தையில் விசாரித்தால் நாலு இடம் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில், சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடியில் ஓடிய கால்வாயில், பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். எல்லாருக்கும் கறுப்பு உடை, எல்லாருக்கும் தொப்பி. அவள் யார் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள்தான் என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் மலாயில் மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. "நான் செஞ்சது தப்பு. தண்ணிய நீ கெடுக்கல, நாங்கதான் கெடுத்தோம். புல்ல வெட்டிட்டோம்," என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"நீங்க வெட்டுறப்பவே பாத்தேன்," என்றாள். "புல்லு இல்லாட்டி சேறு நிக்காது. நான் கலக்குற சேறு அதுல நின்னுபோறத ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குழந்தையை எட்டிப் பார்த்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"அன்னிக்கு உன் ஈயமெல்லாம் போச்சு. உன் துணிய நான் வருஷம் பூரா துவைச்சுத் தாரேன்," என்றேன்.

"என் துணி எல்லாம் கறுப்பு. அத வெளுத்து நான் என்ன செய்ய?" என்றாள். இப்போதுதான் அவள் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது.

அவள் உடனே எங்களோடு சேர்ந்துகொள்ளவில்லை. ரெண்டு வாரம் கழித்து ஒரு காலை தானாகவே வந்து வாய்க்கால் மேலே தன் பழைய இடத்தில் நின்றாள். அன்றைக்கு இவர், எங்கிருந்தோ பிடுங்கி வந்த கோரையை வாய்க்கால் வாயில் நட்டுக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்து, நட்டதில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

"வேருல மண்ணு இல்ல. முதல் மழைக்கே போயிடும்," என்றாள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பு இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேரும் போனோம். குழந்தையை என் முதுகில் கட்டிக்கொண்டேன். அங்கே கறுப்புச் சேற்றில் கோரை காடாக நின்றது. அட்டை காலெல்லாம் ஏறியது. இவர் மண்வெட்டியால் வேரோடும் மண்ணோடும் வெட்டிக் கொடுக்க, அவள் அதைத் தன் டூலாங் தட்டில் அடுக்கினாள். வேரிலிருந்து மண் உதிராமல் கொண்டுவர அந்தத் தட்டைப் போல வசதியான பாத்திரம் வேறில்லை. அப்படிப் பல நடை நடந்தோம்.

ஏப்ரல் மழையில் பாதிக் கோரை அடித்துக்கொண்டு போயிற்று. இவருக்கு மனம் விட்டுப்போயிற்று. "போதும், காக்கியே துவைப்போம்," என்றார். நான் மறுபடியும் சதுப்புக்குக் கிளம்பினேன். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியோடு பின்னால் வந்துவிட்டார். இந்தத் தடவை வாய்க்கால் வாயில் மூங்கில் குச்சிகளை வரிசையாக அடித்து, அதற்குப் பின்னால் நட்டோம். புதுக் கல்லைப் புரட்டித் தெற்குக் கரைக்குக் கொண்டுபோனோம். ஓடுகிற தண்ணீரில் அலசுகிற வசதி போயிற்று. அதற்காக அவர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்.

கோரை பிடித்துக்கொண்டது. ஒரு தண்டு நட்ட இடத்தில் பத்துத் தண்டு எழுந்தது. நாங்கள் நடாமலேயே சம்பும் வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் வாய்க்கால் வாயைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது.

அந்த வருஷ அக்டோபரில் முதல் பெரிய மழை ஒரு பிற்பகல் முழுக்கக் கொட்டியது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ரெண்டு பேரும் குட்டைக்குப் போனோம். வாய்க்கால் தேநீராகத்தான் வந்துகொண்டிருந்தது. கோரைக்குள் நுழைந்தது. அதற்கு அந்தப் பக்கம் குட்டை லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பழைய கண்ணாடி திரும்பியது. இவர் எங்கள் வீட்டுப் போர்வை ஒன்றைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார். பட்லர் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாராம். உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாராம். "இது ஒரு மூட்டைதான். மத்தது அடுத்த வாரம் பாப்போம்," என்றாராம். அடுத்த வாரம் ரெண்டும் வந்தது.

கோரையோடு வந்த சிலவற்றை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவை வெள்ளாவிக் காரத் தண்ணீரை வழக்கம்போலக் குட்டையிலேயே கொட்டினோம். சாயங்காலம் செப்பாட் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. முன்பு மீனே அதிகம் இல்லாததால் அது எங்கள் கண்ணில் பட்டதில்லை. டூலாங் அக்கா செத்த மீன்களைப் பொறுக்கி வரிசையாகக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் அந்தக் குட்டையில் தூண்டில் போடுகிறவள். மறுநாளே இவர் மணல் பக்கம் ஒரு குழி வெட்டினார். அதற்குப் பிறகு காரத் தண்ணீரெல்லாம் அதற்குத்தான்.

பறவைகளும் கூடின. எச்சமும் கூடியது. வெள்ளைக் கொக்குகள் வருஷக் கடைசியில் வந்து இறங்கும். துணி உலர்த்துகிற கொடியைக் குட்டையை விட்டு நூறு எட்டு தள்ளி, மரமே இல்லாத வெள்ளை மணலுக்கு மாற்றிக்கொண்டோம். மணலின் சூட்டுக்குத் துணி அரை நேரத்தில் காய்ந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று இவரே சொன்னார். மூன்றாம் வருஷம் ஒரு சாயங்காலம் சீழ்க்கை அடித்துக்கொண்டு ஒரு வாத்துக் கூட்டம் குட்டையைச் சுற்றி வந்து இறங்கியது. புந்தோங்கில் யாரும் நம்பவில்லை. "லம்பக்குட்டையில காட்டு வாத்தா?" என்று சிரித்தார்கள். இவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பறவை என்றால் கல்லெடுத்த மனிதர், அன்றைக்கு அவர்களை "சத்தம் போடாதீங்க, மச்சான்" என்று அடக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒருவர் பொறி வைக்கலாமா என்று கேட்டார். இவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

மகளுக்கு மூன்று வயது நடந்தபோது ஒரு காலை, கிளப்பின் பெரிய மேசை விரிப்பு ஒன்றை வெளுப்பதற்காக மணலில் விரித்துவிட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, நாங்கள் கல்லில் வேலையாக இருந்தோம். மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, நாய்," என்றாள். திரும்பினேன். ஐந்து நீர்நாய்கள். தண்ணீரிலிருந்து ஏறி வந்து மணலில் நடந்து, நேராக அந்த விரிப்புக்குப் போய் மல்லாந்து படுத்துப் புரண்டுகொண்டிருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, முதுகைத் தேய்த்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன. சின்னது ஒன்று விரிப்பின் ஓரத்தைக் கடித்து இழுத்தது.

"விரிப்பு," என்று எழுந்தேன்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு, முடிச்சுட்டுப் போகட்டும்லா," என்றார். அவர் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே வாய்க்காலில் டூலாங் அக்காவும் தட்டைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவை போன பிறகு இவரும் நானும் மகளும் விரிப்பைச் சுற்றி நின்று பார்த்தோம். முழுக்கச் சேற்றுப் பாதத் தடம், மீன் கவிச்சி வேறு. மகள் ஒவ்வொரு தடத்தின் மேலும் தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தாள். அதை முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு விரிப்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் வெள்ளாவி வைத்தோம்.